ஒரு முகவரியின் கீழ் ஒரு வீடு

வீட்டிலுள்ள கணினிகள், கைபேசிகள், தொலைக்காட்சி யாவும் ஒரே இணைய இணைப்பில் ஒருங்கே இயங்குவதை இன்று எவரும் விசேஷமாகக் கருதுவதில்லை. ஆயினும், வலையில் சேரும் ஒவ்வொரு யந்திரமும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி முகவரியைப் பெற்று, மற்ற யந்திரங்கள் அனைத்தோடும் சமமான அந்தஸ்தில் நேரே சம்பாஷிக்க வேண்டும் என்பதே இணையத்தை வகுத்தவர்களின் சங்கற்பமாக இருந்தது. அந்த நியதியின்படி பார்த்தால், ஒரு முகவரிக்குள் ஒரு குடும்பம் முழுவதும் குடியிருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இடமே இல்லை.

முகவரிக்கென ஒதுக்கப்பட்டது 32 பிட் அளவே. அதனால் கிடைப்பவை ஏறத்தாழ 429 கோடி எண்கள். சர்வகலாசாலைகளும் ராணுவ ஆய்வுக்கூடங்களும் மட்டுமே வலையில் இருந்த காலத்தில் அக்ஷய பாத்திரமாகத் தோன்றிய இத்தொகை, 1990களின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுமோ என்ற கவலை பிறந்தது. 1994 மார்ச்சில், 10 என்று தொடங்குவதும் 192.168 என்று தொடங்குவதும் உள்ளிட்ட மூன்று எண்தொகுதிகள், எவரும் தமக்குள்ளே உபயோகித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டன; அதே ஆண்டு மே மாதத்தில் எகெவாங், பிரான்சிஸ் என்ற இரு பொறியாளர்கள், உள்முகவரியை வாசலில் வெளிமுகவரியாக மாற்றித் தரும் உபாயத்தை விவரித்து, அதைத் தற்காலிகப் பரிகாரம் என்றே முன்வைத்தார்கள். முகவரியின் தனித்தன்மை கெடுவது பெருந்தீங்கு என்று ஜூலை மாதத்திலேயே வேறு சிலர் எழுத்துமூலம் ஆட்சேபித்தார்கள். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

இந்த உபாயம், ஒரே கணினியின் பல உரையாடல்களை வேறுபடுத்திக் காட்டும் துறை எண்ணையும் (port) சேர்த்து மாற்றும் முறையாக வளர்ந்த பின்னரே வீடுகளுக்குப் பயன்பட்டது. ஒரு பெரிய மண்டியிலிருந்து பலர் எழுதும் கடிதங்களையெல்லாம் மண்டியின் விலாசத்திலேயே அனுப்பி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைக் குறித்துத் தம் பேரேட்டிலும் பதிந்துகொண்டு, பதில் வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பிக்கும் கணக்கப்பிள்ளையின் வேலையைத்தான் ரவுட்டர் செய்கிறது. துறை எண் 16 பிட் அளவு, அதாவது 65,536 எண்கள். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

பெரிய ஸ்தாபனங்கள் இதை வீடுகளுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, கணினிப் பித்துக்கொண்ட தனிமனிதர்கள் செய்து காட்டிவிட்டார்கள் என்பதை நான் மிகுந்த மதிப்போடு குறிப்பிட விரும்புகிறேன். 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0இல் இவ்வசதி இருந்தமையால், எறியவேண்டிய பழைய கணினி ஒன்றே மோடத்தையும் வீட்டையும் இணைக்கும் வாயிற்காவலாயிற்று. விண்டோஸ்காரர்களுக்கு விங்கேட் என்ற மென்பொருள் உதவிற்று. 1999இல் விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு இவ்வசதியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தபோது சாமானிய இல்லத்தாருக்கும் அது எட்டியது, ஆனால், 192.168.0.1 என்ற முகவரியை ஏற்ற தலைமைக் கணினியை யாரேனும் அணைத்துவிட்டால் வீடு முழுவதும் வலையிழந்து நிற்கும். அவ்வாண்டே ஆப்பிள் நிறுவனம் மோடத்தையும் கம்பியில்லாப் பகிர்வையும் ஒரே சாதனத்தில் அடக்கியது. பின்னர், தைவானிலிருந்து குடியேறிய ஒரு தம்பதியர் 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கிய லிங்க்சிஸ் போன்ற நிறுவனங்களின் சிறிய ரவுட்டர்கள், தலைமைக் கணினியின் அவசியத்தையே நீக்கிவிட்டன.

அமெரிக்கக் கேபிள் கம்பெனிகள் சில, இணைப்பை ஒரே கணினியின் வலையட்டை எண்ணோடு பிணைத்து, அடுத்த கணினிக்குத் தனி மாதக் கட்டணம் கேட்டன. அந்த வலையட்டை எண்ணையே தன் எண்ணாகக் காட்டும் வசதி ரவுட்டர்களில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே ஒரு யந்திரம்தான் தெரியும். 2002இல் பெல்லோவின் என்ற ஆராய்ச்சியாளர், பாக்கெட்டுகளில் உள்ள வரிசை எண்களைக் கொண்டே உள்ளிருக்கும் கணினிகளைக் கணக்கிடலாம் என்று காட்டினார். ஆயினும் வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது. வாங்கிய இணைப்பை வீட்டுக்குள் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வீட்டாரின் விஷயம் என்ற கட்சியே என் அபிப்பிராயத்தில் நியாயமானது. நம் ஊர்களின் பிரவுசிங் சென்டர்களும், 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்ததற்குப் பின்வந்த ஆண்டுகளில், ஒரே இணைப்பைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டே பிழைத்தன.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். உள்ளிருப்பவர் வெளியே அழைக்கலாம். வெளியிலிருப்பவர் தாமாக உள்ளே வர இயலாது. வேண்டாத ஊடுருவலை இது ஓரளவு தடுத்தது உண்மைதான். ஆனால் இருவர் நேரே பேசுவதற்கும் இடையில் ஒரு கம்பெனியின் யந்திரத்தை நாடும் நிலை வந்தது. ஆதியில் எண்ணிய சமத்துவம் அத்துடன் குன்றியது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்துபோக, அடுத்த ஆண்டு ஏப்ரலில் கம்பெனிகளே பல வீடுகளை ஒரு முகவரிக்குள் அடக்குவதற்கென ஒரு தனி எண்தொகுதியும் ஒதுக்கப்பட்டது. 128 பிட் கொண்ட புதிய முகவரிமுறையின் வரையறை 1995 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது. இந்தியக் கைபேசி வலைகளில் அது இன்று நன்கு பரவியும் இருக்கிறது. எனினும் பழைய முகவரியை மட்டும் அறிந்த தளங்கள் இருக்கும்வரை இரண்டு முறைகளும் அருகருகே ஓட வேண்டியிருப்பதால், தம் வீட்டுக் கணினியை அப்பழைய உலகத்துக்கும் திறந்துவைக்க விரும்புகிறவர், பல இடங்களில், தனி முகவரி ஒன்றுக்காகக் கம்பெனியிடம் மேல்கட்டணம் செலுத்துகிறார்.