இங்கிலாந்தில் வாடகைதாரர் மனநிறைவு அளவீடு

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் வீடுகளைக் ‘கவுன்சில் வீடுகள்’ என்பர். 2017 சூன் 14 அன்று, இலண்டனில் அத்தகைய அடுக்குமாடியான கிரென்ஃபெல் கோபுரம் தீப்பற்றி 72 பேர் இறந்தனர். தீ அபாயம் குறித்துக் குடியிருப்போர் சிலர் முன்பே எச்சரித்திருந்தனர், அது எடுபடவில்லை. அதன்பின் வந்த சீர்திருத்தங்களில் ஒன்றே இந்த அளவீடு.

2023 ஏப்ரல் 1 முதல் 22 அளவுகோல்கள் நடைமுறையில் உள்ளன. பழுதுபார்ப்பு, வீட்டின் பாதுகாப்பு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்களா என்பன போன்ற 12, வாடகைதாரரையே கேட்டு அறியப்படுபவை. எரிவாயு, தீப்பாதுகாப்புச் சோதனைகள் முதலிய 10, நிர்வாகப் பதிவேடுகளிலிருந்து பெறப்படுபவை.

கணக்கெடுப்பை நடத்துவதும் கவுன்சில்தான். மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போல ஆகிவிடக்கூடாது என்பதால், கேள்விகளின் வாசகத்தை ஒழுங்குமுறை ஆணையமே வகுத்துள்ளது. முதலாண்டு முடிவுகளில் மனநிறைவு மிகக் குறைந்திருந்தது, புகார்களைக் கையாளும் முறையில்தான்.