பேரேட்டில் நட்டமும் வேண்டும்

காரைக்குடி வட்டாரத்தில் பேரேடு என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று தொழில் நடத்திய நகரத்தார், வரவையும் பற்றையும் நாள்தோறும் எழுதி, உரிய காலத்தில் ஐந்தொகை எடுத்தனர். இலாபத்தை எழுதி நட்டத்தை விட்டுவிட்டால் அது கணக்காகாது. தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு நமக்கும் திருமறை (2:282) பணிக்கிறது. பொருளுக்கே இத்தனை பேணுதல் வேண்டுமெனில், உயிரின் கணக்குக்கு எவ்வளவு வேண்டும்?

அந்தக் கணக்கை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அபூபக்கர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸீ. பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்து, பக்தாதில் மருத்துவமனைப் பொறுப்பு வகித்தவர். அவர் தம் நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை, மறைவுக்குப்பின் மாணவர்கள் 'அல்ஹாவீ' என்னும் பெருநூலாகத் தொகுத்தனர். 1279இல் அது இலத்தீன் மொழிக்கும் சென்றது.

அவர் குறித்துவைத்த நோயாளிகளுள் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா. அவருக்குக் காய்ச்சல் ஒருமுறை நாள்தோறும், மற்றொருமுறை சில நாட்கள் விட்டும் வந்தது. சிறுநீர் அடிக்கடி கழிந்தது. இது நான்காம் நாள் காய்ச்சலாக மாறும், அல்லது சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருக்கும் என்று ராஸீ கருதினார். சில நாட்களில் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டது. உரிய மருந்துகளால் நோயாளி குணமடைந்தார். ராஸீ அத்துடன் நிறுத்தவில்லை. இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் உள்ளதா என்று நோயாளியிடம் கேட்கத் தவறியதையும் எழுதினார். அடுத்த மருத்துவர் அக்கேள்வியைக் கேட்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களுள் ஒரு பிரிவினருக்குக் குருதி வடித்தும், மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடிக்காமலும் விட்டு, பலனை அவர் ஒப்பிட்டார். இன்றைய மருத்துவ ஆய்வின் தொடக்க வடிவங்களுள் இதுவும் ஒன்று.

ஒப்பிட்டுக் கணக்கெடுக்கும் இந்த வழியை உலகம் உற்றுநோக்கச் செய்த ஆய்வொன்று நம் சென்னையில் நிகழ்ந்தது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நல்லுணவும் ஓய்வும் கொடுத்து, சானடோரியத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கருதப்பட்ட காலம் அது. அத்தனை பேருக்குப் படுக்கைகள் இல்லை. 1956இல் நிறுவப்பட்ட சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சீட்டுக் குலுக்குவதுபோல் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறுபிரிவினர் தம் வீட்டிலும் ஓராண்டு அதே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு. இருந்தும் இரு பிரிவிலும் குணமடைந்தோர் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முடிவு 1959இல் வெளியாயிற்று. குடும்பத்தாரைப் பின்னர் ஐந்தாண்டுகள் கண்காணித்தும், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவியதாகக் காணப்படவில்லை. தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்காமலே மருந்தளிக்கலாம் என்பதை உலகம் அறிந்தது.

ராஸீயின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் வேறுபாடுகள் உண்டு. அவர் நோயாளியின் பெயரை எழுதினார்; இன்று பெயர் மறைக்கப்பட வேண்டும். இன்று ஆய்வில் சேர்ப்பதற்கு முன், நமக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எனவே கையெழுத்துக் கேட்கப்படும்போது அஞ்சவும் வேண்டா, படியாமல் இடவும் வேண்டா. என்ன மருந்து, என்ன தீங்கு நேரலாம், வேறு வழி உண்டா என்று கேட்போம்.

நம் இல்லங்களிலும் ஒரு பேரேடு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவற்றை ஓரிடத்தில் வைப்போம். பிள்ளைகளின் திருமணப் பேச்சுக்குத் தடையாகுமென்று காசநோயை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மறைத்த நோய் அடுத்தவரைத் தொடுகிறது. மருத்துவரிடம் மறைத்த செய்தி நோயாளியையே வீழ்த்துகிறது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கணக்கை உண்மையாக எழுத அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.