சராசரியும் பரவலும்: ஒரு மாறியைச் சுருக்கிக் கூறும் முறைகளின் வரலாறு

திரளான எண்களை ஒரே எண்ணாகச் சுருக்குவதும், அவற்றைச் சித்திரமாக வரைந்து காட்டுவதும் இன்றைய புள்ளியியல் பாடநூல்களில் அடுத்தடுத்த அத்தியாயங்களாக அமைந்திருப்பதால், இவை இரண்டும் ஒருங்கே பிறந்து வளர்ந்தவை என்று மாணாக்கர் எண்ணுவது இயல்பே. சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. சராசரி எதை மறைத்ததோ அதை மீட்கும் முயற்சியிலேதான் வரைபடக் கலை முதிர்ச்சி பெற்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

லண்டன் நகரத்துத் துணி வியாபாரியாகிய ஜான் கிரான்ட், வாரந்தோறும் வெளியான மரணப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் பிரசுரித்த நூலில், பிறக்கும் 100 குழந்தைகளுள் 36 பேர் ஆறு வயதுக்குள் இறப்பர் என்று தொடங்கும் அட்டவணை ஒன்று உண்டு. அப்பட்டியல்களில் இறந்தோர் வயது குறிக்கப்படவே இல்லையாதலால் அதில் அனுமானமே மிகுதி. சித்திரம் வருவதற்கோ மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக இருந்த வில்லியம் பிளேஃபேர், 1786-இல் வெளியிட்ட வாணிப வரைபட நூலில், ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுக் கணக்கே கிடைத்தமையால் காலப்போக்கைக் கோடாக வரைய வழியின்றி, 17 தேசங்களுடன் நடந்த ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்தார். காலத்தைக் காட்டாத அப்படத்தைத் தம் ஏனைய படங்களினும் தாழ்ந்ததென்றே அவர் கருதினார். பள்ளிச் சிறுவர் முதன்முதலில் கற்பதோ அந்தப் பட்டை வரைபடத்தைத்தான்!

சராசரியின் பெருமை உச்சத்தை எட்டியது பெல்ஜியத்து வானநூலறிஞர் அடால்ஃப் கெட்லேயின் கையில். 1846-இல் அவர் வெளியிட்ட நூலில், 5,738 ஸ்காட்லாந்துப் போர்வீரர்களின் மார்பளவு அங்குலவாரியாக வகுக்கப்பட்டிருக்கிறது. 33 அங்குலத்தில் மூவர், 39-இல் 1,073 பேர், 40-இல் 1,079 பேர், 48-இல் ஒரே ஒருவர். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் இவ்வமைப்பு, ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளக்கையில் நேரும் பிழைகளின் அமைப்பை ஒத்திருக்கக் கண்ட அவர், இயற்கை 'சராசரி மனிதன்' ஒருவனையே இலட்சியமாகக் கொண்டு படைக்கிறது, ஏனையோர் அவ்விலட்சியத்தினின்று வழுவியவர்கள் என்று முடிவு கட்டினார். அவருடைய சித்தாந்தம் பிழை. நட்சத்திரம் ஒன்று, போர்வீரரோ பலர்.

வேறுபாடே ஆராய்ச்சிக்குரிய பொருள் என்று நிலைநாட்டியவர் பிரான்சிஸ் கால்டன். இனமேம்பாடு பற்றிய அவருடைய கொள்கைகள் கண்டிக்கத்தக்கவையே எனினும், இத்துறையில் அவர் ஆற்றிய பணியை மறுப்பதற்கில்லை. அளவுகோலே இல்லாவிடினும் மனிதரை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரையும் கால் பங்கில் நிற்பவர்களையும் கண்டுகொள்ளலாம் என்று 1875-இல் அவர் காட்டியதிலிருந்தே இடைநிலைக்கும் கால்மானங்களுக்கும் உரிய மதிப்பு வந்தது. 1907-இல், பிளிமத் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி எடையை ஊகித்த 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் இடைநிலை 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198 என்று அவர் அறிவித்தார். பின்னர் ஒருவர் கேட்கச் சராசரியைக் கணித்தபோது அது 1,197 ஆக அமைந்தது. இடைநிலையின் வக்கீலுக்குச் சராசரியே மேலும் நெருங்கி நின்றது ஒரு வேடிக்கைதான்.

திட்டவிலக்கமும், நிகழ்வெண் செவ்வகப்படம் என்னும் பெயர்பெற்ற வரைபடமும் 1890-களில் கார்ல் பியர்சனால் வழக்கிற்கு வந்தன. ஆயினும் செவ்வகப்படத்தில் தனி எண்கள் வகுப்புகளுக்குள் மறைந்துபோகின்றன. இக்குறையை நீக்கியது, அமெரிக்க அறிஞர் ஜான் டூகி 1977-இல் வெளியிட்ட நூல் பரப்பிய தண்டு-இலை வரைபடம். அதில் எண்களின் இலக்கங்களே படமாகி நிற்கின்றன. அவருடைய கட்டவரைபடமோ, மேரி எலினார் ஸ்பியர் 1952-இல் காட்டிய வீச்சுப் பட்டையைச் செம்மைப்படுத்தி, கால்மானங்களிலிருந்து கால்மான இடைவெளியின் ஒன்றரை மடங்குக்கு அப்பால் விழும் எண்களைத் தனித்தனிப் புள்ளிகளாக நிறுத்திவைக்கிறது.

இந்தியக் குடிமதிப்பின் வயது அட்டவணையை ஒற்றை ஆண்டுகளாகப் பட்டை வரைந்து பார்ப்பவர், 0-விலும் 5-இலும் முடியும் வயதுகளில் பட்டைகள் திடீரென உயர்ந்து நிற்பதைக் காண்பர். மக்கள் தம் வயதை அருகிலுள்ள அத்தகைய எண்ணாக்கிச் சொன்னதன் சுவடு அது. சராசரி வயதோ இதனை ஒருபோதும் வெளிப்படுத்தாது. புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், சராசரியின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பாக, இவ்வட்டவணையை மாணாக்கர் கையில் கொடுத்து வரையச் செய்வார்களாக.