ஆல்ட்கெல்டின் மன்னிப்பு ஆவணம்: ஒரு மறுவாசிப்பு

சிகாகோவில் போலீசார்மீது குண்டு வீசப்பட்டதால் எழுந்த ஹேமார்க்கெட் வழக்கின் கைதிகளான ஃபீல்டன், நீபி, ஷ்வாப் மூவரையும் விடுவித்து, இல்லினாய் ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் 1893 ஜூன் 26 அன்று வெளியிட்ட ஆவணம், அவருடைய மனநிலைக்கான சான்றாகவே நெடுங்காலம் படிக்கப்பட்டுவருகிறது. அவரைப் போற்றுவோர் அதில் மனச்சாட்சியின் குரலைக் கேட்டார்கள். ஐயுறுவோர், வழக்கை விசாரித்த நீதிபதி ஜோசஃப் கேரி மீதான பழைய பகையைக் கண்டார்கள். இரு தரப்பாரும் ஆவணத்தை விட்டுவிட்டு ஆளையே படித்திருக்கிறார்கள். 1886 முதல் 1891 வரை சிகாகோவில் நீதிபதியாக அமர்ந்திருந்த ஒருவர், மேல்முறையீட்டுத் தீர்ப்பு எழுதும் முறையில் எழுதிய சட்ட ஆவணம் அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சர்ச்சை முழுவதும் ஆவணத்தின் தொடக்கப் பகுதியைச் சுற்றியே எழுகிறது. மனுக்கொடுத்தவர்களில் பலர், கைதிகள் குற்றவாளிகளாகவே இருந்தாலும் பட்டது போதும், கருணை காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஆல்ட்கெல்ட் அந்த வழியைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடுகிறார். விசாரணை நேர்மையாக நடந்திருந்து, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று காட்டும் எதுவும் பின்னர் வெளிவராதிருந்தால், எந்தத் தண்டனையும் மிகையாகாது, ஆளுநர் தலையிடவும் கூடாது என்கிறார். எளிதான வழி திறந்திருக்க, அதை ஏன் அவரே மூட வேண்டும்? கேரியைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதைத் தவிர வேறென்ன நோக்கம் இருக்க முடியும்? ஐயுறுவோரின் இந்தக் கேள்வி வலுவானது.

விடை அதே வாக்கியத்தில் 'பின்னர்' என்ற நிபந்தனையில் இருக்கிறது. ஆவணத்தின் முதல் பகுதி ஓடிஸ் ஃபேவர் என்ற சிகாகோ வணிகரின் பிரமாணப் பத்திரத்தை முன்வைக்கிறது. ஜூரிகளை அழைத்துவரச் சிறப்பு அமீனாவாக நியமிக்கப்பட்ட ஹென்றி ரைஸ், வழக்கு தன் கையில் இருப்பதாகவும், எதிரிகள் தூக்கில் தொங்குவது உறுதி என்றும், எதிர்த்தரப்பு நிராகரித்தே தீரவேண்டிய ஆட்களையே அழைப்பதாகவும் சொன்னார் என்கிறது அது. மறுவிசாரணை மனுவின்போது ஃபேவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்லவைக்கும்படி எதிர்த்தரப்பு கேட்டது, கேரி மறுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் 1887 செப்டம்பரில் தண்டனையை உறுதிசெய்தது. ஃபேவரின் பத்திரமோ அதற்குப் பிறகு, நவம்பரில்தான் வந்தது. ஆகவே, முடிந்துபோன வழக்கை ஆளுநர் கிளறினார் என்ற குற்றச்சாட்டு நிற்காது. எந்த நீதிமன்றத்தின் பதிவிலும் ஏறாத சான்றை எடுத்துப் பார்க்கும் அதிகாரம் ஆளுநருக்கு மட்டுமே எஞ்சியிருந்தது. கருணையின் பேரில் விடுவித்திருந்தால் அந்தச் சான்று புதைந்தே போயிருக்கும். தீர்ப்பும் அப்படியே நின்றிருக்கும்.

ஃபேவர் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆல்ட்கெல்ட் பாரம் முழுவதையும் அவர்மேல் ஏற்றவில்லை. ஜூரித் தேர்வில் விசாரிக்கப்பட்ட 981 பேரில் பலர், முன்கூட்டியே அபிப்பிராயம் கொண்டிருந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதை வழக்குப் பதிவிலிருந்தே எடுத்துக்காட்டுகிறார். நீபி விஷயத்தில் ஆதாரம் இன்னும் உறுதியானது: நீபிக்கு எதிராக வழக்கே இல்லை என்று அரசு வழக்கறிஞர் கிரினெல் தங்களிடம் சொன்னதாக, அன்றைய மேயர் கார்ட்டர் ஹாரிசனும் நகராட்சி வழக்கறிஞரும் எழுதிய கடிதங்கள் ஆவணத்தில் உள்ளன. அந்த நீபிக்குத்தான் 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இதில் பகைக்கு என்ன வேலை?

ஆவணம் முழுவதும் இதே தரத்தில் இல்லை. போலீஸ் தடியடிக்கு ஆளான யாரோ ஒருவர் பழிதீர்க்கவே குண்டு வீசியிருக்கலாம் என்பது ஊகம். குண்டு வீசியவர் யாரென்றே தெரியாத வழக்கில் அதற்கு மேல் எவராலும் செல்ல முடியாது என்றாலும், ஊகம் ஊகமே. கேரியைப் பற்றிய ஐந்தாம் பகுதியில் நடை சூடேறுகிறது. வழக்கை நியாயப்படுத்திக் கேரி 1893 ஏப்ரலில் செஞ்சுரி இதழில் எழுதிய கட்டுரை அந்தச் சூட்டுக்கு ஒரு காரணம். அந்தப் பகுதியை அப்படியே நீக்கினாலும் விடுதலைக்கான காரணங்களில் ஒன்றும் குறையாது. பகை வாதத்தை முறியடிக்க எனக்கு இதுவே போதும். ஜெர்மனியில் பிறந்த ஆளுநர் தன் இனத்தாருக்கு இரங்கினார் என்ற வாதமோ நீண்ட பதிலுக்கு உரியதல்ல; ஃபீல்டன் இங்கிலாந்துக்காரர்.

1896 தேர்தலில் ஆல்ட்கெல்ட் அடைந்த தோல்வியை இந்த மன்னிப்புடன் மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் 1894 ஜூலையில், புல்மன் வேலைநிறுத்தத்தின்போது அதிபர் கிளீவ்லாந்துக்கு அவர் எழுதிய இரு கடிதங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாநிலம் கேட்காமலேயே கூட்டாட்சிப் படைகள் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டதை அங்கும் அவர் அரசியலமைப்பின் விதிகளைக் கொண்டே எதிர்த்தார். வேலைநிறுத்தக்காரர்கள் செய்தது சரியா என்ற கேள்வியில் அந்த வாதத்தை அவர் நிறுத்தவில்லை. படை அனுப்பும் அதிகாரம் எப்போது எழுகிறது என்பதில்தான் நிறுத்தினார்.