மூன்று ஏடுகளும் ஒரு கிடங்கும்



தோட்டத்துச் செக்ரோலில் ஒரு தாயின் பெயர் முனியம்மா என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி ஏட்டில் அவரே முனியாயி. பள்ளிப் பதிவேட்டிலோ மகன் பெயர் மட்டும் இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. தாய் காய்ச்சலில் படுத்த நாட்களில்தான் பிள்ளை பள்ளிக்கு வரவில்லையா? மூன்று ஏடுகளையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எந்த ஏடும் தனியாக அதைச் சொல்லாது. இப்படிச் சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்கு எழுந்ததே 'தரவுக் கிடங்கு' என்னும் முறை.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவர் ரசீது போடுகிறார். அது அன்றாட வேலை. தீபாவளிக்கு எத்தனை மூட்டை மாவு வாங்கலாம் என்று முதலாளி கேட்டால், ஐந்தாண்டு ரசீதுகளைப் புரட்ட வேண்டும். கல்லாவிலேயே உட்கார்ந்து புரட்டினால் வியாபாரம் நின்றுபோகும். ஆகவே, ரசீதுகளின் படிகளைப் பின்கட்டில் ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கிறார்கள். அந்தப் பின்கட்டுதான் கிடங்கு.

அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய டெராடேட்டா நிறுவனம் இவ்வேலைக்கென்றே பெரிய கணிப்பொறிகளைச் செய்தது. 1992இல் பில் இன்மன் இம்முறையை விளக்கி நூல் எழுதினார். ஆயினும் பெரிய நிறுவனங்களே இச்செலவைத் தாங்க முடிந்தது. 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'எஸ்.கியூ.எல். சர்வர் 7.0' என்ற மென்பொருளுடன் இச்சந்தையில் நுழைந்தது. கணக்குகளை அலசிப் பார்க்கும் கருவியையும் தனி விலையின்றி அதனோடு சேர்த்துக் கொடுத்தது. அக்கருவிக்கு அடிப்படையான நுட்பத்தை 1996இல் பனோரமா என்ற இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்தது. இதனால் சிறு நிறுவனங்களுக்கும் இம்முறை எட்டியது.

இதே காலத்தில் சிங்கப்பூர் அரசு தன் குடிமக்கள் கணக்கிலும் இக்கருத்தைக் கையாண்டது. அங்கே 1824இல் எடுத்த கணக்கில் மக்கள் தொகை 10,683. பின்னாளில் வீடு வீடாகச் சென்று எண்ணுவதே வழக்கமாயிற்று. 1948இல் அடையாள அட்டை வந்தது. மத்திய சேமநிதிக் கழகம் 1963இல் கணிப்பொறியை அமர்த்தியது. ஒவ்வோர் இலாகாவும் தனித்தனியே ஏடு வைத்திருந்தது. அவற்றைக் கோக்கும் நூலாக அடையாள எண் அமைந்தது. வீடு மாறினால் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் துணை நின்றது.

1996இல் புள்ளிவிவரத்துறை இவ்வேடுகளிலிருந்து குடும்பப் பதிவுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியது. அதனால் 2000ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 40 லட்சம் மக்களின் அடிப்படை எண்ணிக்கை பதிவேடுகளிலிருந்தே கிடைத்தது. கல்வி, தொழில், வீட்டில் பேசும் மொழி போன்ற கூடுதல் விவரங்களை மட்டும் 20 விழுக்காடு குடும்பங்களிடம் இணையம், தொலைபேசி, நேர்முகம் ஆகிய மூன்று வழிகளில் கேட்டார்கள். 2010, 2020 குடிமதிப்புகளும் பதிவேடுகளின் அடிப்படையிலேயே நடந்தன.

நேயர்களே, இதில் நமக்கு என்ன பாடம்? கிடங்கு எவ்வளவு பெரிதாயினும், உள்ளே போட்டதுதான் வெளியே வரும். பதிவில் இல்லாத பிள்ளை அந்தக் கணக்கிலும் இல்லை. ஓரெழுத்து மாறிய பெயர் இரண்டு ஆட்களாகிவிடலாம். பாடுபட்டுச் சேர்த்த சேமநிதியும் அந்த ஓரெழுத்தால் கைக்கு வரத் தாமதமாகலாம்.

ஆகவே, பிறப்பை உரிய காலத்தில் பதியுங்கள். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, சேமநிதிப் புத்தகம், பள்ளிப் பதிவேடு ஆகிய நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் கிராணியாரிடமோ ஆசிரியரிடமோ சொல்லத் தயங்க வேண்டாம். முனியம்மா எல்லா ஏட்டிலும் முனியம்மாவாகவே இருக்கட்டும்.