பூந்தமல்லிக்குக் கிடைத்தது, பக்கத்து ஊருக்குக் கிடைக்காதது



போன வாரம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருக்கே இப்போது பேரன் இருக்கிறான். "சார், வெள்ளைக்காரன் காலத்திலேயே பூந்தமல்லியில் அவ்வளவு பெரிய சுகாதார ஏற்பாடு இருந்ததாமே, பக்கத்துக் கிராமங்களுக்கு ஏன் அது வரவில்லை?" என்று கேட்டார். போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி சரியில்லை, கட்சி சரியில்லை என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். நான் காசு வந்த வழியைப் பார்க்கச் சொல்வேன்.

1871இல் சென்னை மாகாணத்தில் லோக்கல் ஃபண்டு சட்டம் வந்தது. நிலவரியோடு சிறு செஸ் ஒன்று வசூலித்து, அந்தப் பணத்தில் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்த வேண்டும். 1884க்குப் பிறகு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு வந்தன. உங்கள் தாத்தாக்கள் "போர்டு ஆஸ்பத்திரி" என்று சொன்னது இதைத்தான். காவிரித் தண்ணீர் பாயும் தஞ்சாவூர் ஜில்லாவில் நிலத்துக்கு மதிப்பு, செஸ்ஸும் நிறைய வரும். நம் பகுதி அப்போது செங்கல்பட்டு ஜில்லா. ஏரியையும் மழையையும் நம்பிய நிலம். வரி குறைவாக வரும் இடத்தில் மருந்தும் குறைவு. காய்ச்சல் மட்டும் செஸ் பார்த்தா வருகிறது?

1930களின் பிற்பகுதியில் பூந்தமல்லிக்கு ஒரு யோகம் அடித்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பு வேலையாக ஏற்கெனவே சென்னை மாகாணத்துக்கு வந்திருந்தது. அது அரசோடு சேர்ந்து, குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் முழு அளவில் ஆட்களைப் போட்டு 'ஹெல்த் யூனிட்' நடத்திக் காட்டியது. திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை, வங்காளத்தில் சிங்கூர், டெல்லிக்கு வெளியே நஜஃப்கர், சென்னை மாகாணத்தில் நம் பூந்தமல்லி. சுகாதார அதிகாரி, இன்ஸ்பெக்டர்கள், ஹெல்த் விசிட்டர், மருத்துவச்சிகள் எல்லாம் ஒரே இடத்தில். பிறப்பு இறப்புக் கணக்கு, அம்மை குத்துவது, பிரசவம், கக்கூஸ் கட்டுவது வரை அவர்கள் வேலை. யூனிட்டின் எல்லைக்கு உள்ளே இருந்த கிராமத்துக்கு இத்தனை பேர். எல்லைக்கு வெளியே இருந்த கிராமத்துக்கு வழக்கமான ஜில்லா போர்டு ஏற்பாடுதான். நடந்து போகிற தூரத்தில் இந்த வித்தியாசம். மாதிரி காட்டினால் மற்ற இடங்களுக்கும் பரவும் என்பது அவர்கள் கணக்கு. பரவுவதற்குக் காசு யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அதே சமயத்தில் 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படிப்பட்ட முதல் சட்டம், பெருமைதான். நகராட்சிகள் தங்கள் வருமானத்தில் 30 சதவீதத்துக்கும், ஜில்லா போர்டுகள் 12½ சதவீதத்துக்கும் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. கேட்க நியாயமாக இருக்கிறதா? என் பழைய கணக்குப் பிள்ளைகள் சொல்லுங்கள். ஒரு போர்டுக்கு வருமானம் 10 லட்சம், இன்னொன்றுக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் போர்டு 1,25,000 ரூபாய் ஒதுக்கும், இரண்டாவது 25,000தான் ஒதுக்கும். நகரத்தில் இருப்பவனுக்கு விகிதமே கூடுதல். சட்டம் ஒன்று, பங்கு வேறு.

1943இல் அமைத்த போர் கமிட்டி (யுத்தம் இல்லை, தலைவர் பெயர் ஜோசப் போர்) 1946இல் அறிக்கை தந்தது. நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். கையில் காசு இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்று எழுதினார்கள். 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் வழியாக பிளாக்குக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. ஒரு பிளாக் என்றால் சுமார் நூறு கிராமம், ஒரே நிலையம். மக்கள் பங்களிப்பும் எதிர்பார்க்கப்பட்டதால், நிலம் கொடுக்க ஆள் இருந்த ஊருக்கு அது ஒரு அனுகூலம்.

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. இடம் நமக்குப் பக்கத்தில்தான். சில ஆண்டுகளில் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஊழியர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி. விமானப்படைக்காரர்களுக்கு அவர்கள் ஏற்பாடு. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததும், சம்பள வரம்புக்கு உட்பட்ட தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. அவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. உழைத்தார்கள், சந்தா கட்டினார்கள். ஆனால் வயலில் நாற்று நட்ட அம்மாவிடம் சந்தா பிடிக்க முதலாளியும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. ஈ.எஸ்.ஐ.யில் அவருக்கு இடமில்லை. என் வகுப்பில் ஒரே பெஞ்சில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். காய்ச்சல் வந்தால் மூவரும் மூன்று வாசலுக்குப் போவார்கள். மூன்றாமவனுக்கு வாசல் தூரம்.

இந்த இடைவெளி அப்படியே நின்றுவிடவில்லை. 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று தலைக்கணக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மருந்தை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், 1871 செஸ் போட்ட முடிச்சை அவிழ்த்ததில் இந்தப் பாஸ்புக்குக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பூந்தமல்லி யூனிட்டிலிருந்து ஹெல்த் விசிட்டரம்மா வீட்டுக்கு வந்ததை உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருந்தால், எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். வரவே இல்லை என்று சொன்ன ஊர்களையும் எழுதுங்கள். எல்லை எங்கே ஓடியது என்று நாமே ஒரு படம் போட்டுப் பார்க்கலாம்.