திறக்காத ஜன்னல்கள்: சென்னையில் லினக்ஸும் ஜாவாவும்

லினக்ஸ் கணினியில் ஒரு ஜாவா நிரலின் ஜன்னல் திறக்க மறுப்பதற்கான காரணங்களைக் காலவரிசையில் அடுக்க முடியும். அந்தப் பிழைகள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஏதோ ஒரு நூலகக் கோப்பு கிடைக்கவில்லை என்ற புகார் பெரும்பாலும் 1990-களின் மிச்சம். ஜன்னல் வந்தும் உள்ளே வெறும் சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தால் அது 2006-ஐ ஒட்டிய கோளாறு. ஜாவாஎஃப்எக்ஸ் கூறுகள் இல்லை என்று நிரல் நின்றுபோனால் அது 2018-க்குப் பிந்தையது. ஜாவாவைக் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்கும் லினக்ஸைத் தொகுத்து வழங்கியவர்களுக்கும் இடையே நடந்த இழுபறிகள்தாம் பயனரின் திரையில் பிழைச் செய்திகளாக வந்து நின்றன. அரசு அலுவலகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் நெருங்கியிருக்கும் தென்சென்னையிலிருந்தே இந்த வரலாற்றின் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995 மே 23 அன்று ஜாவாவை அறிவித்தது. ஒருமுறை எழுதிய நிரல் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. சன் நிறுவனம் முதலில் தன் சொந்த சோலாரிஸையும் விண்டோஸையும்தான் கவனித்தது. லினக்ஸுக்கான ஜாவாவை பிளாக்டவுன் என்ற தன்னார்வலர் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. 1999 டிசம்பரில் லினக்ஸுக்கான ஜாவா 2-ஐ சன் அறிவித்தபோது பிளாக்டவுன் குழுவின் உழைப்பைக் குறிப்பிட மறந்து, கண்டனம் எழுந்த பின் வருத்தம் தெரிவித்தது. பின்னாளில் வந்த பல தொல்லைகளுக்கு இந்த அலட்சியம் ஒரு முன்னறிகுறி.

தொழில்நுட்பச் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஜாவாவின் முதல் வரைகலைத் தொகுப்பான ஏடபிள்யூடி, பொத்தான்களையும் பட்டியல்களையும் தானே வரையவில்லை. அந்தந்த இயங்குதளத்திடமிருந்து கடன் வாங்கியது. யூனிக்ஸ் உலகில் கடன் கொடுத்தது மோட்டிஃப் என்ற நூலகம். அது உரிமக் கட்டணத்துக்கு உட்பட்டது. கட்டற்ற லினக்ஸ் தொகுப்புகளில் இடம்பெறவில்லை. 1998 டிசம்பரில் ஜாவா 1.2-உடன் வந்த ஸ்விங், பொத்தான்களைத் தானே வரைந்துகொண்டது. ஆனாலும் அடித்தளத்தில் மோட்டிஃப் இருந்தது; அதற்கு லிப்எக்ஸ்பி போன்ற சிறு நூலகங்கள் தேவைப்பட்டன. புதிய லினக்ஸ் பதிப்புகள் இத்தகைய பழைய நூலகங்களை இயல்பாக நிறுவுவதை நிறுத்தியபோது, ஓடிக்கொண்டிருந்த ஜாவா நிரல்கள் ஒரு மேம்படுத்தலுக்குப் பின் திறக்காமல் போயின. விடுபட்ட நூலகத்தின் பெயர் பிழைச் செய்தியிலேயே இருக்கும். அதை நிறுவினால் தீர்ந்தது. இந்த வரலாற்றில் எளிதாகத் தீர்ந்த பிழை இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

இதைவிடப் பழையதும் இன்றுவரை ஓயாததுமான பிழை, திரையின் முகவரி தொடர்பானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் பிறந்து, 1987-இல் எக்ஸ்11 என்ற வடிவத்தை அடைந்த எக்ஸ் ஜன்னல் முறையில், நிரல் ஓடும் கணினியும் ஜன்னல் தெரியும் கணினியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. எந்தத் திரையில் வரையவேண்டும் என்பதை டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி நிரலுக்குச் சொல்கிறது. அந்தத் திரையைத் தொட அனுமதி உண்டா என்பதைப் பயனரின் வீட்டு அடைவில் இருக்கும் ஒரு மறைகோப்பு தீர்மானிக்கிறது. முகவரி இல்லையென்றால் ஒரு பிழை. முகவரி இருந்தும் அனுமதி இல்லையென்றால் இன்னொரு பிழை. முதலாவதில், டிஸ்ப்ளே மாறி அமைக்கப்படவில்லை என்று ஜாவா சொல்லும். இரண்டாவதில், மாறியின் மதிப்பையும் சேர்த்துக் காட்டி, எக்ஸ் சேவையகத்தோடு இணைய முடியவில்லை என்று சொல்லும். சாதாரணப் பயனராக உள்ளே நுழைந்து, பிறகு நிர்வாகியாக மாறி நிரலைத் திறப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பிழைதான் வழக்கமாக வந்தது. நிரலை எழுதியவர் மேல் பழி போட்டுவிட்டு ஜாவாவையே மறுபடி நிறுவியவர்கள் ஏராளம். நிர்வாகி அனுமதி தேவையில்லாத நிரலை நிர்வாகியாகத் திறக்காமல் இருந்தாலே போதுமாயிருந்தது.

சென்னையில் இந்தச் சிக்கலைத் தொழிலாகவே எதிர்கொள்ளவேண்டிய நிலையில் இருந்தது 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட். இன்றைய சோஹோவின் முந்தைய பெயர் அது. 2009-இல்தான் பெயர் மாறியது. தொலைத்தொடர்புக் கருவிகளையும் வலையமைப்புகளையும் கண்காணிக்கும் மென்பொருள் அதன் தொடக்ககாலத் தொழில். வாங்குபவரிடம் சோலாரிஸ் இருக்கலாம், விண்டோஸ் இருக்கலாம், லினக்ஸ் இருக்கலாம். ஆகவே நிரல்கள் ஜாவாவில் எழுதப்பட்டன. வலையமைப்பு மேலாண்மையில் நிரல் சேவையக அறையிலும், அதைப் பார்ப்பவர் வேறு மேசையிலும் இருப்பது வழக்கம். டிஸ்ப்ளே மாறியின் சூட்சுமம் தெரியாதவர் இந்தத் துறையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. திரையே இல்லாத கணினியில் ஓடும் ஜாவா நிரலுக்கென்று ஹெட்லெஸ் என்ற தனி முறை 2002-இல், ஜாவா 1.4-உடன்தான் வந்தது.

நிறுவனங்களுக்கு வெளியே லினக்ஸ் பரவியது ஆர்வலர்களின் வழியாக. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கி, ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடிவந்தது. இணைய இணைப்பு தொலைபேசி வழியாக மட்டுமே கிடைத்த காலத்தில் பிசி குவெஸ்ட் இதழோடு வந்த குறுந்தகடுதான் பலருக்கும் லினக்ஸின் வாசல். ஆனால் சன் நிறுவனத்தின் உரிமம், டெபியன் போன்ற கட்டற்ற தொகுப்புகள் ஜாவாவைச் சேர்த்து வழங்க இடம் தரவில்லை. அதற்குப் பதிலாக காஃபே, ஜிசிஜே என்ற கட்டற்ற மாற்றுகள் இருந்தன. இங்கேதான் மிகவும் குழப்பமான பிழை பிறந்தது. கணினியில் ஜாவா என்று தட்டச்சிட்டால் ஏதோ ஒன்று ஓடும். அது சன் ஜாவா அல்ல, ஜிசிஜே. ஸ்விங் அதில் அரைகுறையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. எனவே எழுத்துவடிவ நிரல்கள் ஓடும், ஜன்னல் நிரல்கள் பாதியில் விழும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் 2004-இல் கட்டற்ற நிரலை எழுதுபவர்கள் ஜாவா என்ற பொறியில் சிக்குவதாக எச்சரித்தது இந்தச் சூழலில்தான். எந்த ஜாவா ஓடுகிறது என்று முதலில் பதிப்பெண்ணைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம், பல ஜாவாக்களில் எது முதன்மை என்று தெரிவுசெய்யும் ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளை, இரண்டும் லினக்ஸ் பயனர்களிடம் நிலைபெற்றது இந்த ஆண்டுகளில். இன்றைக்கும் பிழைதேடலின் முதல் படி பதிப்பெண்ணைக் கேட்பதே.

2006, 2007 ஆகிய இரு ஆண்டுகளில் எல்லாம் ஒருசேர மாறியது. 2006 நவம்பரில் ஜாவாவை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் திறப்பதாக சன் அறிவித்தது. 2007 ஜூனில் ரெட் ஹாட் ஐஸ்டீ திட்டத்தைத் தொடங்கி, இன்னும் திறக்கப்படாத பகுதிகளுக்கு மாற்று எழுதிச் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அது சன்னின் பொருத்தச் சோதனையில் தேறியது. அதே காலத்தில் தமிழக அரசும் லினக்ஸ் பக்கம் திரும்பியது. நந்தனத்தில் இயங்கும் அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுக் கொள்முதலிலும் லினக்ஸை வலியுறுத்தியது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007 ஜனவரியில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் பாடத்திலும் அப்போது ஸ்டார் ஆபீஸ் இருந்தது. அதன் தரவுதளப் பகுதிக்கு ஜாவா வேண்டும் என்பதால், பாடம் நடத்தும்போது ஜாவா இல்லை என்ற அறிவிப்பு எட்டிப்பார்க்க வாய்ப்பிருந்தது.

லினக்ஸ் மேசைக்கு வந்த அதே நேரத்தில் மேசையே அலங்காரமாக மாறிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. காம்பிஸ், பெரில் போன்ற ஜன்னல் மேலாளிகள் முப்பரிமாணக் கனசதுரங்களையும் அலைபாயும் ஜன்னல்களையும் காட்டின. அவற்றில் ஜாவா நிரலைத் திறந்தால் ஜன்னலின் சட்டம் மட்டும் வரும். உள்ளே சாம்பல் நிறம். ஜன்னல் மேலாளி எல்லா ஜன்னல்களையும் தன் சட்டத்துக்குள் வைத்துத் தரும் என்று ஜாவா எதிர்பார்த்தது. இவை அப்படிச் செய்யவில்லை. ஜாவா 5 முதல் மோட்டிஃபுக்குப் பதிலாக நேரடி எக்ஸ் கருவித்தொகுப்பு லினக்ஸில் இயல்பாகியிருந்தது. சாம்பல் ஜன்னலுக்கு மருந்தாக, ஒரு சூழல் மாறியின் வழியே பழைய மோட்டிஃபையே திரும்ப அழைத்தார்கள். ஜாவா 7-இல் மோட்டிஃப் முற்றாக நீக்கப்பட்டபின் அந்த மருந்து செல்லாது. சட்டமிடாத மேலாளி இது என்று ஜாவாவிடம் சொல்லும் வேறொரு மாறி அதன் இடத்தைப் பிடித்தது. 2007-இன் இன்னொரு கோளாறு எக்ஸ்சிபி நூலகத்தோடு வந்தது. பூட்டு பற்றிய ஒரு சரிபார்ப்பில் தோற்று, நிரல் ஜன்னலே காட்டாமல் செத்துவிழும். தவறு ஜாவாவின் பக்கம்தான். பழைய எக்ஸ் நூலகம் கண்டுகொள்ளாமல் விட்ட ஒழுங்கீனத்தைப் புதியது கண்டுபிடித்தது, அவ்வளவே.

அரசுப் பணிகளில் ஜாவா நேரடியாக நுழைந்தது மின் ஒப்பந்தப்புள்ளியின் வழியாக. பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இயங்கும் தேசியத் தகவலியல் மையத்தின் தமிழ்நாடு பிரிவு, ஜெப்னிக் என்ற மின்கொள்முதல் அமைப்பை உருவாக்கியது. பல மாநிலங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒப்பந்ததாரர் யுஎஸ்பி டோக்கனில் உள்ள மின்னணுக் கையொப்பத்தை ஆவணத்தில் இடவேண்டும். உலாவிக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட் அந்த வேலையைச் செய்தது. லினக்ஸில் இதற்கு மூன்று பொருத்தங்கள் கூடிவரவேண்டும். டோக்கனின் இயக்கி லினக்ஸுக்குக் கிடைக்கவேண்டும். உலாவி, ஜாவா, இயக்கி மூன்றும் 32 பிட் அல்லது 64 பிட் என ஒரே வகையாக இருக்கவேண்டும். ஆப்லெட்டை ஜாவா நம்பவேண்டும். மூன்றாவது 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7-இன் 51-ஆம் புதுப்பிப்பில் கடினமானது. முறையான சான்றிதழ் இல்லாத ஆப்லெட்டுகள் தடுக்கப்பட்டன. தளத்தின் முகவரியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கவேண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் லினக்ஸுக்கான குரோம் 35 பழைய செருகுநிரல் முறையையே கைவிட்டது. விண்டோஸ் பயனர்களுக்கு அடுத்த ஆண்டு செப்டம்பர்வரை அவகாசம் கிடைத்தது. லினக்ஸ் பயனர்களுக்கு அதுவும் இல்லை. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் கதவை மூடியது. ஒப்பந்தப்புள்ளிக்கான கடைசி மணிநேரத்தில் உலாவியைப் புதுப்பித்துவிட்டுத் தவித்தவரின் நிலையை ஊகிப்பது கடினமல்ல. ஆப்லெட்டின் இடத்தில் கணினியிலேயே தனியாக ஓடும் கையொப்ப நிரல்கள் வந்தன.

வருமான வரித்துறையின் வழி வேறு. கணக்கை இணைப்பில்லாமல் நிரப்புவதற்கு எக்செல் கோப்போடு ஒரு ஜாவா நிரலையும் தந்தது. விண்டோஸ் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஜாவா 8 வேண்டும் என்பது துறையின் நிபந்தனை. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இலிருந்து ஆப்லெட், வெப் ஸ்டார்ட், ஜாவாஎஃப்எக்ஸ் மூன்றும் நீங்கின. எக்ஸ்எம்எல் கையாளும் சில பகுதிகளும் போயின. உபுண்டு 18.04 ஜாவா 11-ஐ முதன்மையாக்கியது. ஜாவா 8-க்காக எழுதிய நிரல்கள் வகுப்பைக் காணோம் என்று நின்றன. எதிர்த்திசையிலும் பிழை உண்டு. ஜாவா 11-இல் தொகுத்த நிரலைப் பழைய ஜாவாவில் திறந்தால், வகுப்புக் கோப்பின் பதிப்பு 55, இங்கே 52 வரைதான் ஏற்கப்படும் என்று செய்தி வரும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

டெபியன், உபுண்டு தொகுப்பாளர்கள் ஜாவாவை இரண்டாகப் பிரித்ததும் இதே வரிசையில் சேரும். சேவையகங்களுக்காக ஹெட்லெஸ் என்று முடியும் ஒரு பொதி, ஜன்னல்களுக்கு முழுப் பொதி. இடத்தைச் சேமிக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேறொரு மென்பொருளின் தேவைக்காக ஹெட்லெஸ் பொதி மட்டும் தானாக நிறுவப்பட்டிருந்தால், பதிப்பெண் சரியாகத் தெரியும், ஜன்னல் திறக்காது. ஏடபிள்யூடியின் எக்ஸ் நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியைக் கண்டதும் முழுப் பொதியை நிறுவவேண்டும். ஜாவாவை நீக்கி மறுபடி போடுவதால் பயனில்லை. ஜார் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது சுருக்கக் கோப்பாகத் திறப்பதும், கோப்புக்கு இயங்கும் அனுமதி இல்லாததும் இதைவிடச் சிறிய காரணங்கள். எதுவானாலும் டெர்மினலில் கட்டளையாகத் திறந்தால்தான் செய்தி கண்ணில் படும். சொடுக்கித் திறப்பவருக்கு மௌனம்தான் பதில். செய்தி நீண்டு வந்தால் முதல் வரியையும், கடைசியாகக் காரணம் என்று தொடங்கும் வரியையும் படித்தால் பெரும்பாலும் போதும்.

எக்ஸ் முறையின் இடத்தை வேலாண்ட் பிடித்துவருகிறது. ஃபெடோரா 2016-இலும் உபுண்டு 2021-இலும் அதை இயல்பாக்கின. ஜாவா இன்னும் எக்ஸ்வேலாண்ட் என்ற இடைத்தரகரின் வழியே வரைவதால், அது இல்லாத இடத்தில் பழைய டிஸ்ப்ளே பிழை அப்படியே திரும்புகிறது.

இதற்கிடையே அரசுச் சேவைகள் ஜன்னல் நிரல்களை விட்டு உலாவிக்கு நகர்ந்துவிட்டன. சாந்தோம் நெடுஞ்சாலையில் தலைமையகம் கொண்ட பதிவுத்துறை 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 மூலம் இணையவழிப் பத்திரப் பதிவுக்கு மாறியபோது, விண்ணப்பிப்பவருக்குத் தேவைப்பட்டது உலாவி மட்டுமே. வருமான வரித்துறை 2021-22 மதிப்பீட்டு ஆண்டோடு ஜாவா நிரலைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த இணைப்பில்லா நிரல் விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸ் பயனர்கள் துறையின் இணையதளத்தில்தான் கணக்கை நிரப்பவேண்டும்.